நாய்க்கு ஓட்டுரிமை கேட்கவில்லை, ஐயா

ஞாயிற்றுக்கிழமை திருப்பாதிரிப்புலியூர்க் கூட்டத்தில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை, வந்திருந்தவர்களுக்குத் தெரியும். விலங்குகளுக்கு அறத்தில் என்ன இடம் என்று, பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் லெவினாஸை முன்வைத்து நான் பேசி முடிப்பதற்குள் மூத்தவர் ஒருவர் எழுந்து, "அடுத்து நாய்க்கும் ஓட்டுரிமை கேட்பீர்களா?" என்றார். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நான் ஓட்டுரிமை கேட்கவில்லை. யாருடைய வலி கணக்கில் வரும் என்ற கோட்டைப் போடுவது யார் என்று கேட்டேன். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படைவீரராகப் பிடிபட்டு ஜெர்மானிய முகாமில் அடைபட்ட யூதரான லெவினாஸையும் உடனிருந்தவர்களையும் வழிப்போக்கர்கள்கூட மனிதராகப் பார்க்கவில்லை. பாபி என்று அவர்கள் பெயரிட்ட நாய் மட்டும், வேலை முடிந்து திரும்பியவர்களைக் கண்டு துள்ளிக் குரைத்தது. 1975இல் இதை எழுதிய அதே லெவினாஸ், அந்த நாய்க்கு அறத்தில் முழு இடம் தரத் தயங்கினார். அந்தத் தயக்கத்தைத்தான் 1997இல் இன்னொரு பிரெஞ்சுத் தத்துவ அறிஞரான தெரிதா பிடித்து உலுக்கினார். குளியலறையில் தம் அம்மணத்தைப் பார்த்து நின்ற பூனையிலிருந்து தொடங்கி, எறும்பு முதல் யானை வரை 'விலங்கு' என்ற ஒற்றைச் சொல்லில் அடைக்கலாமா என்று கேட்டார்.

"வள்ளலார் சொல்லாததையா பாரிசுக்காரர் சொல்லிவிட்டார்?" என்கிறீர்கள். சரி, வடலூர் நமக்குப் பக்கம்தான். 'வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம்' என்று மேடைதோறும் உருகுகிறவர்கள்தாம் அன்று முதல் வரிசையில் சிரித்தார்கள். பயிருக்காக வாடலாமாம், நாயைப் பற்றி யோசிக்கக் கூடாதாம்!

மாட்டைக் காட்டி மனிதரை அடிக்கும் அரசியலை மறந்தேனா என்றும் ஒருவர் கேட்டார். மறக்கவில்லை; கனமான கேள்வி, இங்கே முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் ஒருவரை அடிக்குமுன் அவரை விலங்கென்றுதானே ஏசுகிறார்கள்? விலங்கை என்னவும் செய்யலாம் என்ற துணிச்சல்தானே அந்த ஏச்சுக்குள் இருக்கிறது?

2011 டிசம்பர் 30, தானே புயல். பண்ருட்டிப் பக்கம் எங்கள் வீட்டுத் தொழுவத்தின் ஓடுகள் பறந்துகொண்டிருக்க, அம்மா கத்தக் கத்த அப்பா வெளியே போனார். நனைந்து இறுகிய முடிச்சு அவிழவில்லை. அரிவாளால் கயிற்றை அறுத்துவிட்டு வந்தார். கறவை வற்றிய மாடு அது. "கட்டிப்போட்டது நாமதானே" என்றார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்.

மூன்றாம் நாள், சாய்ந்து கிடந்த பலா மரங்களுக்கு நடுவே அது நின்றுகொண்டிருந்தது. அதன் கழுத்தில் தொங்கிய அறுந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்பா அழுததைத்தான், ஐயா, நான் அடுத்துச் சொல்ல இருந்தேன். அதற்குள் எல்லோரும் சிரித்துவிட்டீர்கள்.