அம்மாவுக்குக் காசு வருது, அக்காவுக்கு?

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் ஹோர்லிக்ஸ் போத்தலோடு போவார்கள். அந்த நோயாளியை இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு என்று யாரும் ஒன்றும் கொண்டுபோய் நான் கண்டதில்லை. எங்கள் இலங்கை அரசாங்கத்தின் நலன்புரியும் அந்த ஹோர்லிக்ஸ் போத்தல் மாதிரித்தான்.

2025 பட்ஜெட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்குமான மாதக் கொடுப்பனவை 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கினார்கள். முதியோர் கொடுப்பனவு 3,000இலிருந்து 5,000 ஆனது. நல்ல விசயம், குறை சொல்லவில்லை. ஆனால் அத்தனையும் நோயாளியின் பெயரில். பம்பர்ஸ், மருந்து, கிளினிக்குக்குப் போய்வர ஆட்டோ என்று பத்தாம் திகதிக்கு முன்னமே கரைந்துவிடும். பார்த்துக்கொள்பவர் கணக்கிலேயே இல்லை.

கொழும்பு வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர். நல்ல உத்தியோகம். அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்ததும் விட்டுவிட்டார். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும். தன்னுடைய சுகர் செக் பண்ணவே அவருக்கு நேரமில்லை. அண்ணன் லண்டனில். காசு அனுப்புகிறார், ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோல் எடுத்து "அம்மா மெலிஞ்சிட்டா போல" என்பார்.

அந்த அண்ணன் இருக்கிற நாட்டில், வாரத்துக்கு 35 மணித்தியாலமாவது ஒருவரைப் பராமரிப்பவருக்கு வாரம் 83.30 பவுண் கொடுப்பனவு உண்டு (2025 ஏப்ரல் கணக்கு). இதைச் சொன்னதும் அக்கா சிரித்தார். "முப்பத்தைஞ்சா? அது எனக்குச் செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்."

பிரித்தானியா ஒன்றும் சொர்க்கமில்லை. பகுதிநேர வேலையில் வருமான வரம்பைக் கொஞ்சம் தாண்டியவர்களிடம் ஆயிரக்கணக்கான பவுணைத் திருப்பிக் கேட்டு அங்கே பெரிய சர்ச்சையே நடந்தது. எனக்குப் பிடித்தது ஜெர்மனியின் ஏற்பாடு. 1995 முதல் அங்கே பராமரிப்புக் காப்புறுதி இருக்கிறது. வீட்டில் பராமரிப்பவர் ஓய்வெடுக்கப் போனாலோ காய்ச்சலில் படுத்தாலோ, அவருக்குப் பதிலாக வரும் ஆளின் செலவைக் காப்புறுதி கொடுக்கும். தற்காலிக விடுதிச் செலவும் சேர்த்து, 2025 யூலையிலிருந்து வருடத்துக்கு 3,539 யூரோ வரை. பராமரிப்பவரின் ஓய்வூதியக் கணக்குக்கும் பங்களிப்புப் போகும்.

இங்கே? கல்யாணம் கட்டி வேலையை விடும் பெண் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. தாய்க்காக வேலையை விட்டவள் 50 வயது வரை காத்திருக்க வேண்டும். அந்த நிதிக்குச் சம்பளத்திலிருந்து போகும் அவளுடைய 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் வேலையை விட்ட மாதத்தோடு நின்றுவிடும். பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடக்கூடாது என்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. கடமையைச் சட்டமாக்கத் தெரிந்தவர்களுக்கு, கடமையைச் செய்பவருக்கு நாலு நாள் லீவு கொடுக்கத் தோன்றவில்லை.

"பெத்த தாயைப் பாக்கிறதுக்கும் காசா?" என்று கீழே யாராவது எழுதுவீர்கள், தெரியும். பாசத்துக்கு யாரும் பில் போடவில்லை. அவள் நித்திரை கொள்ளும் நாளில் வந்து நிற்கும் ஆளுக்குச் சம்பளம் கேட்கிறோம். இதே வேலைக்குப் பயிற்சி கொடுத்து எங்கள் ஆட்களை இஸ்ரேலுக்கு அனுப்பி, வரும் டொலரை எண்ணிப் பெருமைப்படும் நாடுதானே இது.

கள்ளப் பதிவு நடக்கும் என்ற பயம் நியாயமானது. அப்படியென்றால் காசைக் கையில் கொடுக்க வேண்டாம். வருடத்துக்கு பதினாலு நாளுக்கு, பயிற்சி பெற்ற பராமரிப்பாளரை அழைப்பதற்கான கூப்பன் ஒன்றைப் பிரதேச செயலகம் கொடுக்கட்டும், சம்பளம் நேரே அந்த ஆளுக்குப் போகட்டும். கொடுப்பனவு பெறுவோரின் பட்டியல் ஏற்கனவே அவர்கள் கையில் இருக்கிறது, அதில் எழும்ப முடியாதவர்கள் இருக்கும் வீடுகளில் தொடங்கலாம். இன்னொன்று, தமிழ் தெரிந்த ஆட்களையும் பயிற்றுங்கள். அக்கா ஒருமுறை கடன்பட்டு ஒரு பிள்ளையை ஏஜென்சி மூலம் எடுத்தார். நல்ல பிள்ளை, ஆனால் சிங்களம் மட்டும்தான். பாரிசவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்குச் சிங்களம் அறவே போய்விட்டது. தண்ணி கேட்டாலும் அக்காதான் ஓடவேண்டியிருந்தது. பிறகென்ன ஓய்வு?

நாடு கடனில் இருக்கிறது என்பதும் தெரியும். ஆனாலும் நவம்பரில் பட்ஜெட் வரும்போது, கொழும்பில் எங்கள் வாக்குக்கு வந்து நின்ற எம்.பி.மார் பராமரிப்பவரின் பெயரில் ஒரு வரியாவது கேட்கட்டும்.

அதுவரை லண்டன், டொரொண்டோ அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவின் மருந்துக் காசோடு சேர்க்காமல், மாதத்தில் இரண்டு நாளுக்கு ஆள் பிடிக்கும் காசைத் தங்கச்சியின் பெயருக்குத் தனியாகப் போடுங்கள். அந்த இரண்டு நாளும் எங்கே போனாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.