எல்லா வண்டிக்கும் சேருமாம்!

பழைய மினி டிராக்டருக்கு நான் வாங்கிய எந்தக் கருவியும் நேராகத் தோட்டத்துக்குப் போனதே கிடையாது. முதலில் லேத் பட்டறைக்குத்தான் போகும். போன வாரம், மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் பழைய ரொட்டவேட்டர் ஒன்று வாங்கினேன். என் வண்டியின் கீழ் லிங்க்கில், அதாவது கருவியை மாட்டும் பின்பக்கக் கீழ்க் கைகளில், துளை 22 மில்லிமீட்டர். இதில் யாரோ 28 மில்லிமீட்டர் பின்னை வெல்டிங் வைத்திருக்கிறார்கள். எப்படி நுழையும்? விற்றவரைக் கேட்டால், "எல்லா வண்டிக்கும் சேரும் சார்" என்கிறார். எந்த வண்டிக்கு?

கல்டிவேட்டர் வாங்கியபோதும் இதே கதை. அதில் மேல் கையான டாப் லிங்க் மாட்டும் துளை 25, என்னிடம் இருந்த பின் 19. இடைவெளியை அடைக்க புஷ் என்னும் வளையம் அடித்து மாட்டினேன். இரண்டே சாலில் கழன்று மண்ணுக்குள் போய்விட்டது. வெயிலில் குனிந்து கட்டி கட்டியாக உடைத்துத் தேடினேன், கிடைக்கவில்லை.

எஞ்சின் சுழற்சியை ரொட்டவேட்டருக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டு மட்டும் ஒழுங்கா? நிமிடத்துக்கு 540 சுற்று, 6 பல், எல்லாம் சரி. ஆனால் நீளம் அதிகம். அறுக்க வேண்டும். அதற்கும் பட்டறைதான்.

சரி, மழையாவது காத்திருக்குமா? பெய்து மூன்று நாளாகிவிட்டது. மண்ணில் பதம் போய்க்கொண்டிருக்கிறது. ரொட்டவேட்டர் பட்டறை வாசலில் மல்லாந்து கிடக்கிறது. "நாளைக்கு வாங்க" என்கிறார் பட்டறைக்காரர். நேற்றும் அதைத்தான் சொன்னார்.