பசை காஞ்சிருச்சு சார்

எழுத்தாளர்: அண்ணே, என்ன இது?

பைண்டர்: புஸ்தகம் சார்.

எழுத்தாளர்: நான் புஸ்தகம் கொடுக்கலையே!

பைண்டர்: தெரியும் சார். உதிரியாத்தான் கொடுத்தீங்க. நான்தான் புஸ்தகம் ஆக்கினேன்.

எழுத்தாளர்: 31 பொட்டலம், ஒரு பெட்டி. பெட்டி மட்டும்தானே செய்யச் சொன்னேன்?

பைண்டர்: சொன்னீங்க. பாவம், பைண்டிங்குக்கு வழியில்லாமப் பெட்டியில போட்டுக்கறார்னு நெனச்சேன். நூல் தையல், ரெக்சின் அட்டை, முதுகுல உங்க பேரு தங்க எழுத்துல. 300 காப்பியும் ரெடி.

எழுத்தாளர்: 300-மா? பிரிங்கண்ணே, உடனே பிரிங்க.

பைண்டர்: பசை காஞ்சிருச்சு சார்.

எழுத்தாளர்: இது நான்-லீனியர் நாவல்! வாசகன் எந்தப் பொட்டலத்தை வேணும்னாலும் முதல்ல எடுக்கலாம். அவன் எடுக்கிற வரிசையிலதான் பிரதியே உருவாகுது.

பைண்டர்: பிரதி 300-ம் உருவாயிருச்சு சார். எண்ணி அடுக்கியிருக்கேன்.

எழுத்தாளர்: அந்தப் பிரதி இல்ல! சரி, எந்த வரிசையில தச்சீங்க?

பைண்டர்: கதை வரிசையிலதான்.

எழுத்தாளர்: இதுல கதையே கிடையாது!

பைண்டர்: இருந்துச்சு சார். ஒன்பதாவது பொட்டலத்துக்கு அடியில கெடந்துச்சு.

(எழுத்தாளர் ஒரு காப்பியை எடுத்துப் புரட்டுகிறார். முகம் வெளுக்கிறது.)

எழுத்தாளர்: ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பா இருக்குமே, அது எங்கே?

பைண்டர்: மை கொட்டின தாளா? நல்லவேளை, நான் பார்த்தேன். 300 காப்பியிலயும் அதே மாதிரி கொட்டி வச்சிருக்கான் சார் உங்க அச்சாபீஸ்காரன்.

எழுத்தாளர்: அது மை இல்ல, சாவு! நாவல்ல வர்ற பெரியவரோட மனைவி செத்த கணம். ஆங்கில நாவலாசிரியர் லாரன்ஸ் ஸ்டெர்ன் 1759-லயே ஒரு பாத்திரம் செத்ததும் கறுப்புப் பக்கம் வச்சார்.

பைண்டர்: அவர் அதை எங்கே வச்சார்?

எழுத்தாளர்: அந்த ஆள் செத்த இடத்துலதான்.

பைண்டர்: உங்களது அந்த அம்மா ஊறுகாய் போடுற பொட்டலத்துல இருந்துச்சு சார்.

எழுத்தாளர்: அதுதான் முரண். தாளைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?

பைண்டர்: சேச்சே, நல்ல கனமான தாளு. பின்னட்டைக்கு உள்பக்கம் ஒட்டிட்டேன். படிச்சு முடிச்சு மூடும்போது கண்ணுல படும்.

(எழுத்தாளர் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். அந்த இடம் தனக்குத் தோன்றவில்லையே என்று அவர் நினைத்ததாக எனக்குப் பட்டது. ஆனால் நான் ஆரம்பத்திலிருந்தே பைண்டர் கட்சி.)

எழுத்தாளர்: உங்களுக்குப் புரியாதுண்ணே. இங்கிலாந்துல பி. எஸ். ஜான்சன்னு ஒருத்தர். 1969-ல ‘தி அன்ஃபார்ச்சுனேட்ஸ்’னு ஒரு நாவல், பெட்டியில 27 பகுதி. முதலும் கடைசியும் எதுன்னு மட்டும் சொல்லிட்டார். நடுவுல 25, எப்படி வேணும்னாலும் கலைச்சுப் படிக்கலாம்.

பைண்டர்: எதுக்காம்?

எழுத்தாளர்: கதை சொல்றவன் கால்பந்து மேட்ச் பத்தி எழுத ஒரு ஊருக்குப் போறான். புற்றுநோய்ல செத்துப்போன நண்பனோட பழகின ஊர் அது. ஞாபகம் வரிசையாவா வரும்? அதனால உதிரி.

பைண்டர்: அது சரி. துக்க வீட்டுல பேசுறவங்க அப்படித்தான் முன்னயும் பின்னயுமாப் பேசுவாங்க. உங்களுக்கு எதுக்கு சார் பெட்டி?

எழுத்தாளர்: எனக்கு... பெட்டிதான் முதல்ல தோணுச்சு. கதை அப்புறம் வந்தது.

பைண்டர்: அதான் பார்த்தேன். பொத்தான் வாங்கிட்டு அதுக்குச் சட்டை தச்ச மாதிரி இருந்துச்சு.

எழுத்தாளர்: ஜான்சனோட பெட்டியை யாராவது தச்சாங்களா? சொல்லுங்க. ஹங்கேரியைத் தவிர.

பைண்டர்: ஹங்கேரியில என்ன பண்ணாங்க?

எழுத்தாளர்: அது... அங்க சேர்த்துக் கட்டித்தான் போட்டாங்க. ஜான்சனே முன்னுரையும் எழுதிக் கொடுத்தார்.

பைண்டர்: அப்ப எனக்கும் ஒரு முன்னுரை எழுதிக் கொடுங்க சார்.

எழுத்தாளர்: ஆசிரியன் இறந்துட்டான்னு பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் 1967-லயே சொல்லிட்டார். வாசகன் கையிலதான் எல்லாம்.

பைண்டர்: பில்லு யார் பேர்ல சார் போடட்டும்?

எழுத்தாளர்: இப்படித்தான் எல்லாரும் கிண்டல் பண்றீங்க. விமர்சகர்கள் 12 பேருக்கு அனுப்பினேன். 12 பேரும் பெட்டியைப் போட்டோ எடுத்துப் போட்டு, ‘வடிவத்தில் பெரும் பாய்ச்சல்’னு எழுதினாங்க, தெரியுமா?

பைண்டர்: ஒருத்தரும் ஏழாவது பொட்டலமும் இருபதாவது பொட்டலமும் ஒண்ணுன்னு சொல்லலையா?

எழுத்தாளர்: என்னது?

பைண்டர்: ஒரே பொட்டலம் ரெண்டு தடவை அச்சாயிருக்கு சார். நான் ஒண்ணை எடுத்துட்டேன். இப்ப 30தான்.

(நீண்ட அமைதி. கட்டிங் மிஷின் மட்டும் ஓடுகிறது.)

எழுத்தாளர்: முழுசும் படிச்சீங்களாண்ணே?

பைண்டர்: படிக்காம எப்படி அடுக்குறது?

எழுத்தாளர்: ...எப்படி இருந்தது?

பைண்டர்: அந்த அம்மா மூக்குக் கண்ணாடி. காது மாட்டுற கம்பி உடைஞ்சு போகுது, பெரியவர் கறுப்பு நூல் சுத்திக் கட்டிக் கொடுக்குறார். ‘அசிங்கமா இருக்கு’ன்னு ரெண்டு நாள் பேசாம இருக்குது அந்த அம்மா. அப்புறம் போய்ச் சேர்ந்துருது. அவரு தினம் அந்தக் கண்ணாடியைத் தொடைச்சுத் தொடைச்சு வைக்குறாரு, நூலு நனையாம. எனக்கு அந்த இடத்துல ஊசி ஓடலை சார்.

எழுத்தாளர்: அது நான் ஒரே ராத்திரியில எழுதினது.

பைண்டர்: நீங்க சொல்ற மாதிரி கலைச்சா, தொடைக்கிறது முன்னாடி வந்துரும். ஏதோ சுத்தக்காரர்னு படிக்கிறவன் தாண்டிப் போயிருவான். நல்லதை எழுதிட்டு நீங்களே ஏன் சார் ஒளிச்சு வைக்குறீங்க?

எழுத்தாளர்: ஒளிக்கலைண்ணே. சவால். பிரெஞ்சுல ஜார்ஜ் பெரெக், அவங்க மொழியில அதிகமா வர்ற ‘e’ங்கற எழுத்தே இல்லாம 1969-ல ஒரு முழு நாவல் எழுதினார்.

பைண்டர்: எழுத்து பத்தலையா?

எழுத்தாளர்: வேணும்னே விட்டார். தலைப்பே ‘காணாமற்போதல்’. அவரோட அம்மாவை நாஜிகள் முகாமுக்குக் கொண்டுபோனாங்க. திரும்பி வரவே இல்லை.

பைண்டர்: (ஊசியைக் கீழே வைத்து) ஆக, அவருக்கும் காரணம் இருக்கு.

எழுத்தாளர்: காரணம், காரணம்! என் அடுத்த நாவல் முற்றுப்புள்ளியே இல்லாத ஒரே வாக்கியம். 2025-ல நோபல் வாங்கின க்ராஸ்னஹோர்காய் ஒரு முழு நாவலை ஒரே வாக்கியமா எழுதியிருக்கார். அவருக்கு என்ன சொல்வீங்க?

பைண்டர்: அவரு எந்த ஊரு?

எழுத்தாளர்: ...ஹங்கேரி.

பைண்டர்: நல்ல ஊரு சார்.

எழுத்தாளர்: அதெல்லாம் விடுங்க. எனக்கு உதிரியாத்தான் வேணும். முதுகை மிஷின்ல வெட்டிடுங்க.

பைண்டர்: பசை காஞ்சிருச்சு சார்.

எழுத்தாளர்: பசையோட சேர்த்து வெட்டுங்கண்ணே!

பைண்டர்: வெட்டலாம். ஆனா உதிரித் தாளுங்கறதால ஓரத்துல உள்தள்ளித் தச்சிருக்கேன். தையலைத் தாண்டி வெட்டினா எழுத்து போயிரும்.

எழுத்தாளர்: எந்த எழுத்து?

பைண்டர்: வலப்பக்கத்துல ஒவ்வொரு வரிக்கும் முதல் எழுத்து. இடப்பக்கத்துல கடைசி எழுத்து.

(எழுத்தாளர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறார்.)

எழுத்தாளர்: எல்லா வரியிலயுமாண்ணே?