பிரான்ஸ் எம்.பி.க்கள் ஓய்வு வயதை 64 ஆக்க வாக்களித்தார்களா?

‘2023-இல் பிரான்ஸ் நாடாளுமன்றத்தின் கீழவையில் பெரும்பான்மை எம்.பி.க்கள் கையைத் தூக்கித்தான் ஓய்வு வயது 62-இலிருந்து 64 ஆனது’ என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. அந்த மசோதாவின் இறுதி வடிவம் கீழவையில் வாக்கெடுப்புக்கே வரவில்லை.

மேலவையான செனட்டில் வாக்கெடுப்பு நடந்தது உண்மை. மார்ச் 16 அன்று 193-க்கு 114 என்று மசோதா நிறைவேறியது. அன்றே கீழவையில் போதிய ஆதரவு இருக்குமா என்று அரசுக்குச் சந்தேகம். பிரதமர் எலிசபெத் போர்ன் எழுந்து, அரசியல் சாசனத்தின் 49.3 பிரிவைப் பயன்படுத்துவதாக அறிவித்தார். எதிர்க்கட்சியினர் தேசிய கீதத்தைப் பாடி, ‘64 வேண்டாம்’ என்ற அட்டைகளைத் தூக்கிப் பிடித்தனர்.

இந்தப் பிரிவின்படி, மசோதாவைக் கீழவை வாக்கெடுப்புக்கு விட வேண்டியதில்லை; அரசுக்கு எதிரான நம்பிக்கையில்லாத் தீர்மானம் வெல்லாவிட்டால் மசோதா நிறைவேறியதாகவே கொள்ளப்படும். அப்புறம் மார்ச் 20 அன்று இரண்டு தீர்மானங்கள் வந்தன. முதலாவதற்கு 278 வாக்குகள், தேவைப்பட்டது 287. ஒன்பது வாக்கில் அரசு தப்பியது! பிரான்சின் வலதுசாரிக் கட்சியான ரிபப்ளிகன் கட்சியில் மட்டும் 19 பேர் அரசைக் கவிழ்க்க வாக்களித்தனர். இரண்டாவது தீர்மானம் 94 வாக்குகளோடு நின்றது.

சரி, மீதிப் பேர் 64-ஐ ஆதரித்ததாகச் சொல்லலாமா? அதுவும் முடியாது. இத்தகைய தீர்மானத்தில் ஆதரவு வாக்குகளை மட்டுமே எண்ணுவார்கள். பென்ஷன் மாற்றம் பிடிக்காமல், ஆட்சியைக் கலைக்கவும் மனமில்லாமல் ஒதுங்கியவரும் அந்த மீதியில்தான் இருப்பார். ஏப்ரல் 14 அன்று, சட்டங்கள் அரசியல் சாசனத்துக்கு உட்பட்டவையா என்று பார்க்கும் அரசியல் சாசனக் கவுன்சில் வயது உயர்வுக்கு ஒப்புதல் தந்தது.