மில்லியன் டாலர் ஒப்பந்தமும் ஒரு சரக்கு லிஃப்ட்டும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் பழைய இசையான ப்ளூஸைப் பாடும் ஃபேன்டாஸ்டிக் நெக்ரீட்டோவைப் பற்றி யார் எழுதினாலும் கடைசியில் 'விடாமுயற்சி' என்று வந்து நிற்கிறார்கள். பெரிய கம்பெனி கைவிட்டது, கார் விபத்தில் கை சிதைந்தது, அப்படியும் மனிதர் அசரவில்லை, மூன்று கிராமி இசை விருது வாங்கினார், நீயும் எழுந்து நில் தம்பி! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் விட்டுவிட்டார் என்பதுதான் நடந்த கதை. அரைகுறையாக இல்லை, சுத்தமாக விட்டார். வாத்தியங்களையும் ரெக்கார்டிங் சாமான்களையும் விற்றுவிட்டு ஊருக்குப் போய்க் காய்கறி போட்டார், கோழி வளர்த்தார், கஞ்சாச் செடியும் வளர்த்தார். இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துப் போகிற தன்னம்பிக்கைப் பதிவுகளைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. அவர் வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு விஷயம். பாட்டு யார் கையில் இருக்கிறது என்கிற கணக்கு.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அவர் இயற்பெயர் சேவியர். 1968இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பத்தில் எட்டாவதாகப் பிறந்தவர். அப்பா கண்டிப்பான முஸ்லிம். பையனுக்குப் பன்னிரண்டு வயதானபோது குடும்பம் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. ஒழுக்கம், பிரார்த்தனை என்று வளர்ந்த பையன் வந்து இறங்கிய ஊரில் சில வருடங்களில் கிராக் கொக்கேன் என்ற போதைப்பொருள் தலைவிரித்து ஆடியது. வீட்டை விட்டு வெளியேறினார், தெருவில் சில்லறையாகப் போதைப்பொருள் விற்றார். 14 வயதுச் சகோதரன் ஒருவனைத் துப்பாக்கிச் சூட்டில் பறிகொடுத்தார். இதையெல்லாம் அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இசை வந்த விதம் சுவாரசியமானது. அமெரிக்கப் பாப் நட்சத்திரம் பிரின்ஸ் தானாகவே வாத்தியங்கள் கற்றுக்கொண்டவர் என்று கேள்விப்பட்டதும், அப்படியானால் நம்மாலும் முடியும் என்று கிளம்பிவிட்டார். பக்கத்து ஊரான பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே இசை மாணவர்கள் பயிற்சி செய்யும் சிறு அறைகளுக்குள், தானும் ஒரு மாணவன் மாதிரி நைசாக நுழைந்துவிடுவார். யாராவது பியானோவில் ஸ்வர வரிசை வாசித்தால் காதில் வாங்கிக்கொண்டு, காலியாக இருக்கும் அறைக்குப் போய் வாசித்துப் பார்ப்பார். ஃபீஸ் கட்டாத மாணவர்!

அப்புறம் லாஸ் ஏஞ்சல்ஸ். பிரின்ஸின் முன்னாள் மேனேஜர் ஒருவர் கண்ணில் பட, இன்டர்ஸ்கோப் என்ற இசைத்தட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஆனது. மில்லியன் டாலர் ஒப்பந்தம் என்று சொல்வார்கள். 1996இல் 'தி எக்ஸ் ஃபேக்டர்' என்ற ஆல்பம் சேவியர் என்ற பெயரில் வந்தது. விற்கவில்லை. அந்தக் காலத்தில் இன்டர்ஸ்கோப் என்றாலே ராப்தான், டூபாக்கும் டாக்டர் ட்ரேயும்தான். பிரின்ஸ் பள்ளியில் பாடம் படித்த, தாளம் தூக்கலான ஃபங்க் இசை பாடுகிற ஒருவரை எந்த அலமாரியில் வைப்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

மில்லியன் டாலர் என்றவுடன் நம் ஆட்கள் வாயைப் பிளக்கிறார்கள், அதனால் இந்த வகை ஒப்பந்தம் பொதுவாக எப்படி வேலை செய்யும் என்று சொல்லிவிடுகிறேன். கம்பெனி தருவது சம்பளம் கிடையாது, அட்வான்ஸ். ரெக்கார்டிங் செலவு, வீடியோ செலவில் ஒரு பங்கு என்று பலதும் பாடகரின் கணக்கில் பற்று எழுதப்படும். ஆல்பம் விற்று அவருக்கு வரவேண்டிய பங்கு, அதாவது ராயல்டி, இந்தப் பற்றை அடைத்து முடிக்கும்வரை கையில் ஒரு டாலர் வராது. பெரும்பாலான ஆல்பங்கள் அந்தக் கடனை அடைப்பதே இல்லை. இதற்கு நடுவில் பதிவு செய்த ஒலி, அதாவது மாஸ்டர், கம்பெனியின் சொத்து. பாடகர் இன்னொரு கம்பெனிக்குப் போய்ப் பாடிக்கொடுக்கவும் முடியாது. ஆல்பம் ஓடாவிட்டால் சில சமயம் கம்பெனி அடுத்ததை வெளியிடவும் செய்யாது, ஆளை விடவும் விடாது. சேவியர் பல வருடங்கள் அந்த நிலையில் மாட்டிக்கொண்டிருந்தார்.

கோர விபத்து நடந்தது அதன் பிறகுதான். மூன்று வாரம் கோமா. கிதார் வாசிக்கிற கை சிதைந்து போனது, மாதக்கணக்கில் சிகிச்சை. கம்பெனி ஒப்பந்தத்திலிருந்து விடுவித்தது. 2018இல் வந்த அவருடைய ஆல்பத்தின் அட்டையில் இருப்பது அந்த மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் படம்தான். ஆல்பத்தின் பெயர் 'ப்ளீஸ் டோன்ட் பி டெட்'. அனுதாபம் தேடுகிறார் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அதில் உள்ள பாட்டுகள் அனுதாபத்தின் பக்கமே போகவில்லை. முதல் பாட்டே 'ப்ளாஸ்டிக் ஹாம்பர்கர்ஸ்', நுகர்வு வெறியைப் போட்டு வெளுத்து வாங்குகிறது.

விபத்துக்குப் பிறகு என்னென்னவோ செய்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் லைசென்ஸ் இல்லாமல் ஒரு நைட் கிளப் நடத்தினார். வேறு வேறு பெயர்களில் வேறு வேறு பாணிகளில் பாட்டு போட்டார். சினிமாவுக்கும் டிவிக்கும் இசைத் துண்டுகள் விற்றார். கடைசியில் அலுத்துப்போய் எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஓக்லாந்து திரும்பினார். சில வருடங்கள் பாட்டே இல்லை.

பிள்ளை பிறந்தது. வீட்டில் விற்காமல் கிடந்தது ஒரே ஒரு மட்டமான கிதார். குழந்தை அழுதபோது அதை எடுத்து ஜி மேஜர் கார்டை (சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவது) ஒரு தட்டுத் தட்டியிருக்கிறார். கிதார் பழகுகிற எவருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிற கார்டு அது. அதையே அந்தச் சிதைந்த கையால், பாதி சுருதியோடு வாசித்திருப்பார். குழந்தையின் முகம் மாறிவிட்டதாம், அப்படி ஒரு சந்தோஷம். இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் கொஞ்சம் நெகிழ்ந்துவிடுகிறார். எனக்கு இதில் பிடித்தது, அங்கே மறுபடி எழுவோம் என்கிற சபதம் எதுவும் இல்லை என்பதுதான். எதிரே ஒரே ஒரு ரசிகன், அவனுக்கும் பல் முளைக்கவில்லை.

ராபர்ட் ஜான்சன், ஸ்கிப் ஜேம்ஸ் போன்ற பழைய மிசிசிப்பி ப்ளூஸ் ஆட்களிடம் அவர் போய்ச் சேர்ந்தது இதற்கப்புறம். நாற்பது வயதைத் தாண்டி, அடிபட்டு மிதிபட்டு வந்தவனுக்கு அந்தப் பாட்டு புரியத் தொடங்கியது என்று எழுதிவிடலாம். எழுதுகிறார்கள். நான் அந்த முன்னோர்களின் கணக்குப் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டச் சொல்வேன்.

ஸ்கிப் ஜேம்ஸ் 1931இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பேரமவுண்ட் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்கு 18 பாட்டுகள் பாடிக்கொடுத்தார். பொருளாதார மந்தநிலைக் காலம், தட்டுகள் விற்கவில்லை, கைக்குச் சொற்பமே கிடைத்தது. மனிதர் ப்ளூஸை விட்டே போய்விட்டார். 1964இல் கிதார் பைத்தியம் பிடித்த சில வெள்ளை இளைஞர்கள் தேடிப்போனபோது மிசிசிப்பியில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். இரண்டு வருடம் கழித்து க்ரீம் என்ற பிரிட்டிஷ் ராக் குழு அவருடைய ஒரு பாட்டைப் பாடியது. அந்த ராயல்டிதான் கடைசிக் காலத்தில் அவர் கண்ட ஓரளவு பணம். 1969இல் இறந்துவிட்டார்.

ராபர்ட் ஜான்சன் கதை இன்னும் மோசம். 1936, 37இல் டெக்சாஸில் வைத்து 29 பாட்டுகள் பதிவு. 1938இல், 27 வயதில் மரணம். 1990இல் அத்தனையும் சேர்த்துப் பெட்டியாக வந்தபோது பத்து லட்சத்துக்கு மேல் விற்றது, கிராமியும் வாங்கியது. பணம் கண்ணில் தெரிந்ததும் வாரிசு யார் என்று கோர்ட்டில் பல வருட வழக்கு. 1998இல் மகன் என்று தீர்ப்பான கிளாட் ஜான்சன், மிசிசிப்பியில் ஜல்லி லாரி ஓட்டிப் பிழைத்தவர்.

வில்லி டிக்சன் சிகாகோ ப்ளூஸின் பாதிப் பாட்டை எழுதியவர் என்று சொன்னால் பெரிய மிகை இல்லை. 1970களில் அவரும் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸும் தங்கள் ராயல்டிக்காகப் பாட்டு உரிமை வைத்திருந்த ஆர்க் மியூசிக் மீது வழக்குப் போட வேண்டியிருந்தது. பிறகு தன் பாட்டை எடுத்தாண்டதாக லெட் ஸெப்பெலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழு மேல் 1985இல் தொடுத்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. வந்த பணத்தில் ஒரு பகுதியைப் பழைய ப்ளூஸ் கலைஞர்களின் உரிமைக்காகத் தான் தொடங்கிய அறக்கட்டளைக்குத் திருப்பினார். அவர் இறந்தபின் மனைவி, ப்ளூஸ் இசைத்தட்டுகளை வெளியிட்ட செஸ் ரெக்கார்ட்ஸ் கம்பெனி இயங்கிய அதே சிகாகோ கட்டடத்தை வாங்கி அந்த அறக்கட்டளைக்கு வீடாக்கினார். கிராமி மேடைகளைவிட இந்தக் கட்டடத்தைத்தான் நான் ப்ளூஸின் வெற்றியாகச் சொல்வேன்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ப்ளூஸ் பாடகர் ஒருவரைச் சுயாதீனக் கலைஞர் என்று சொல்லும்போது நம் மனதில் வருவது தாடி வைத்த ஒற்றை ஆள், ஒற்றைக் கிதார், ஒரு சோகம். அந்தச் சோகப் படத்தை விற்றே பல கம்பெனிகள் பிழைத்தன. சுயாதீனம் என்பது மாஸ்டர் யாரிடம், பதிப்புரிமை யாரிடம், எப்போது வெளியிடுவது என்று யார் முடிவு செய்வது என்கிற மூன்று கேள்விகள்தான். மற்றதெல்லாம் அலங்காரம்.

நெக்ரீட்டோவின் இரண்டாம் சுற்றை அந்தக் கண்ணோடு பாருங்கள். அவர் தனி ஆள் இல்லை. சினிமா, டிவிக்கு எழுதுகிற மால்கம் ஸ்பெல்மன் போன்ற நண்பர்களோடு சேர்ந்து ஓக்லாந்தில் ப்ளாக்பால் யுனிவர்ஸ் என்ற கூட்டமைப்பை நடத்தினார். ஓவியம், வீடியோ, எழுத்து எல்லாம் ஒரே கூரையின் கீழ். தெருவில், ரயில் நிலைய வாசலில் நின்று பாடிப் பார்த்தார். போகிறவர்கள் நின்றால் அந்தப் பாட்டு தேறும், நிற்காவிட்டால் தேறாது. ஆடம்பரமான சந்தை ஆய்வு எதுவும் இல்லை.

2015இல் அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆர், டைனி டெஸ்க் போட்டியை முதன்முறையாக நடத்தியது. வாஷிங்டனில் உள்ள அலுவலகத்தில், புத்தகமும் பொம்மையும் அடைந்து கிடக்கும் ஒரு மேசைக்குப் பின்னால் நின்று பாட வேண்டும், அதுதான் பரிசு. ஏறக்குறைய 7,000 வீடியோக்கள் வந்தன. இவர் அனுப்பியது ஓக்லாந்தில் ஒரு சரக்கு லிஃப்ட்டுக்குள் ஒரே டேக்கில் எடுத்தது. பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள். இடமே இல்லை, ஆட்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். தரையை மிதிக்கிற சத்தமும் கைதட்டலும் அந்த இரும்புப் பெட்டியில் பட்டுத் திரும்புகின்றன. கூட்டத்தில் தொலைந்து போனவனைப் பற்றிய பாட்டை அத்தனை பேர் நெருக்கத்தில் நின்று கத்திப் பாடுகிறார். ஜெயித்தபோது வயது 47.

அதற்கப்புறம் வந்த 'தி லாஸ்ட் டேஸ் ஆஃப் ஓக்லாந்து' 2017இல் சமகால ப்ளூஸ் பிரிவில் கிராமி வாங்கியது. 2019இல் இரண்டாவது, 2021இல் மூன்றாவது. இவற்றில் பிந்தைய இரண்டு ஆல்பங்களும் 'குக்கிங் வைனல்' என்ற பிரிட்டிஷ் சுயாதீன இசை லேபிள் வழியாகக் கடைக்குப் போயின. பிறகு ஸ்டோர்ஃப்ரன்ட் ரெக்கார்ட்ஸ் என்று சொந்த லேபிளே தொடங்கிவிட்டார். எல்லாவற்றையும் தானே செய்வதுதான் சுயாதீனம் என்று நினைக்கிற இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தெரிந்தவனிடம் விநியோகத்தைக் கொடுப்பதில் கௌரவக் குறைச்சல் ஏதுமில்லை. சாவியைக் கொடுக்காமல் இருந்தால் போதும்.

முதல் கிராமி வாங்கிய அந்த ஓக்லாந்து ஆல்பத்தில் 'வொர்க்கிங் புவர்' என்று ஒரு பாட்டு. வேலைக்குப் போயும் வாடகை கட்ட முடியாதவர்களைப் பற்றியது. தொழில்நுட்பக் கம்பெனிப் பணம் வந்து குவிந்து பழைய கறுப்பினக் குடும்பங்கள் ஊரை விட்டே வெளியேறிய ஓக்லாந்துதான் ஆல்பம் முழுக்க. 'இன் தி பைன்ஸ்' என்ற பழைய நாட்டுப்பாட்டும் அதில் இருக்கிறது. பழைய ப்ளூஸ் பாடகர் லெட் பெல்லி பாடியது, ராக் குழு நிர்வாணா பாடியது. அவற்றில் ராத்திரி எங்கே படுத்தாய் என்று ஒருத்தியைச் சந்தேகப்பட்டுக் கேட்பார்கள். இவர் வரிகளை மாற்றி, தனியாக வளர்த்த பிள்ளையைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்த தாயிடம் பேசுகிறார். சகோதரன் விஷயம் தெரிந்து கேட்டால் தொண்டை அடைக்கும், தெரியாமல் கேட்டாலும் அடைக்கும்.

இது ப்ளூஸே இல்லை என்று சொல்கிற ஆசாரக்காரர்கள் உண்டு. வாசித்த துண்டுகளை ஹிப்-ஹாப் ஆள் மாதிரி திரும்பத் திரும்ப ஓடும் லூப் ஆக்குகிறார், ராக் சத்தம் அதிகம், தேவாலய இசையான கோஸ்பல் கலக்கிறது என்பது புகார். மடி வாட்டர்ஸ் மின்சாரக் கிதாரோடு மேடையேறியபோதும் இதே முணுமுணுப்பு இருந்தது, விடுங்கள். என் புகார் வேறு. மூன்றாவது கிராமி வாங்கிய 2020 ஆல்பம் எனக்கு ஒட்டவில்லை. மனநலம் பற்றிய நல்ல எண்ணம்தான், ஆனால் ஃபங்க் மினுமினுப்பில் குரலின் கரகரப்பு அமுங்கிவிட்டது. விருதுக் கமிட்டிக்குப் பிடித்தது, எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

2022இல் சொந்த லேபிளில் வந்த 'வைட் ஜீசஸ் ப்ளாக் ப்ராப்ளம்ஸ்' மாதிரி ஒன்றை பெரிய கம்பெனியில் யாரும் அனுமதித்திருக்க மாட்டார்கள். பூர்வீகம் தேடிப்போனவர் 1750களின் வர்ஜீனியாவில் ஏழு தலைமுறைக்கு முந்தைய தன் பாட்டியைக் கண்டுபிடிக்கிறார். ஸ்காட்லாந்திலிருந்து வந்த, ஒப்பந்தக் கூலியாக வேலை பார்த்த வெள்ளைக்காரப் பெண், எலிசபெத் கலிமோர். அவள் குடும்பம் நடத்தியது ஒரு கறுப்பின அடிமையுடன். அந்தக் காலச் சட்டத்தில் அது குற்றம். அந்தப் பாட்டனின் பெயர் ஆவணத்தில் இல்லை, அதனால் இவரே 'கரேஜ் தாத்தா', அதாவது துணிச்சல் தாத்தா, என்று பெயர் வைத்துவிட்டார். ஆல்பத்தோடு சேர்த்து ஒரு படமும் எடுத்தார். பாட்டுக்குப் பாட்டு பாணி மாறுகிறது, சில இடங்களில் நாடகம் கொஞ்சம் ஓவர். இருந்தாலும் அடிமை வரலாற்றை இவ்வளவு குறும்பாகவும் காதலோடும் பாடி நான் கேட்டதில்லை.

கேட்க ஆரம்பிக்கிறவர்கள் கிராமி வரிசையைப் பார்க்க வேண்டாம். முதலில் அந்த லிஃப்ட் வீடியோ, அடுத்து 'தி லாஸ்ட் டேஸ் ஆஃப் ஓக்லாந்து' முழுசாக, அப்புறம் நேராக 2022 ஆல்பம். மொபைல் ஸ்பீக்கரில் மட்டும் போடாதீர்கள், அந்தக் காலடிச் சத்தம் காணாமல் போய்விடும். பிடித்திருந்தால் அவருடைய இணையதளத்திலேயே இசைத்தட்டோ சட்டையோ வாங்குங்கள். ஸ்ட்ரீமிங்கில் ஆயிரம் முறை கேட்பதைவிட அதுதான் அவர் கைக்குக் கூடுதலாகப் போகும்.