ரிவர்ஸ் எப்படியும் ஒரு தடவை போட்டுத்தான் ஆகணும்

வெள்ளிக்கிழமை எங்கள் அபார்ட்மெண்ட் குரூப்பில் சுற்றிய வீடியோவைப் பற்றித்தான். பார்க்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். ஆமாம், அது நான்தான். ஆமாம், எங்கள் பார்க்கிங்கில் காரைத் திருப்பிப் பின்பக்கமாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தேன். மொத்தம் 42 நொடி. பின்னால் நின்றவருக்கு அந்த 42 நொடி பொறுக்கவில்லை, ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆனால் இன்னொரு கையில் போனைப் பிடித்துப் படம் எடுக்கவும், அப்புறம் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து அதற்கு வடிவேலு முகம் ஒட்டவும் நிறைய நேரம் இருந்திருக்கிறது. நல்லது.

"நேரா விட்டுட்டுப் போங்க ஆன்ட்டி, எல்லாருக்கும் வேலை இருக்கு" என்றார். சரி, நேராக விடுகிறேன். நாளைக்குக் காலையில் எப்படி வெளியே வருவதாம்? பறந்தா? ரிவர்ஸ் எப்படியும் ஒரு தடவை போட்டுத்தான் ஆகணும். உள்ளே போகும்போது போடுகிறோமா, வெளியே வரும்போது போடுகிறோமா, இவ்வளவுதான் கேள்வி. உள்ளே போகும்போது என்ன இருக்கிறது? இரண்டு தூண், ஒரு சுவர். இப்போதுதான் அதைத் தாண்டி வந்தேன், காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்தேன். சுவர் ஓடி வந்து குறுக்கே விழாது. வெளியே வரும்போது? காலை 7.40க்கு ஸ்கூல் வேன். பால்காரர், பேப்பர் பையன், சைக்கிள், ஷட்டில்காக் பொறுக்க ஓடி வரும் பிள்ளைகள். இரண்டு பக்கமும் இன்னோவா மாதிரி உயரமான வண்டிகள். அங்கே போய் முதுகைக் காட்டிக்கொண்டு வரச் சொல்கிறீர்களா?

இதை நான் யாரிடமும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2016ல், கார் கற்றுக்கொண்டு ஒரு வருஷம்கூட ஆகாத சமயம், சிங்காநல்லூரில் ஒரு கடை வாசலில் மூக்கை உள்ளே விட்டு நிறுத்தியிருந்தேன். கிளம்பும்போது கண்ணாடி மூன்றையும் பார்த்தேன், கழுத்தைத் திருப்பியும் பார்த்தேன், யாரும் இல்லை. ஒரு அடி நகர்ந்திருப்பேன், டிக்கியில் பட்டென்று ஒரு அறை. பூக்கார அம்மா. இறங்கிப் போனால் ஏழெட்டு வயசுப் பையன் ஒருவன் பம்பரை ஒட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சைக்கிள் செயின் மாட்டிக்கொண்டிருக்கிறான். விரலெல்லாம் கிரீஸ். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி செயினைப் பார்க்கிறான். அந்த அம்மா "கண்ணு தெரியலையா அம்மணி" என்று கேட்டதற்கு எனக்குப் பதில் வரவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. உட்கார்ந்திருக்கும் பிள்ளை பின் கண்ணாடியில் தெரியாது. அன்றிலிருந்து இப்படித்தான் நிறுத்துகிறேன்.

உடனே ஒருவர் வருவார், "அதான் கேமரா, சென்சார் எல்லாம் வந்துடுச்சே" என்று. 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் பின்பக்க சென்சார் கட்டாயம்தான், தெரியும். என் வண்டி 2014. அது இருக்கட்டும், சென்சார் பின்னால் இருப்பதற்குக் கத்தும். பக்கவாட்டில் விர்ரென்று வரும் பைக்கை அது பார்த்துச் சொல்வதற்குள் பைக் வந்துவிடும்.

இன்னொருவர், பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸே மூக்கை உள்ளே விட்டுத்தானே நிற்கிறது என்கிறார். நிற்கிறது. பின்னால் இறங்கி நின்று விசிலடித்து, பாடியைத் தட்டி "வா வா வா" என்று சொல்ல ஒரு கண்டக்டர் இருக்கிறார். எனக்கு யார் இருக்கிறார்கள்? தீயணைப்பு நிலையத்தில் வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்றும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

கிரவுண்ட் ஃப்ளோர் ஜன்னலில் புகை அடிக்கிறது என்பது நியாயமான பேச்சு. அதை ஒத்துக்கொள்கிறேன். அந்த வரிசையில் மட்டும் மூக்கை உள்ளே விட்டு நிறுத்திக்கொள்ளலாம். மாலில் சாய்வாகக் கோடு போட்டிருந்தால் நேராகத்தான் விடணும், அதுவும் சரி. டிக்கியில் மளிகை எடுக்க முடியாதாம், அதற்கெல்லாம் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

"ஓட்டத் தெரியாததால்தான் நாலு தடவை முன்னே பின்னே" என்றும் ஒரு கமெண்ட். எங்கள் பார்க்கிங் தூண்களைப் பார்த்திருக்கிறீர்களா? கதவு உயரத்துக்கு வெள்ளை, சிவப்பு, சாம்பல் என்று வரிவரியாகப் பெயிண்ட். அத்தனையும் நேராக உள்ளே விட்ட புண்ணியவான்களுடையது. திரும்புவது முன்சக்கரம்; பின்சக்கரம் வளைவில் உள்வாங்கிக்கொண்டு வரும், அதனால்தான் பின்கதவு தூணைத் தேய்க்கிறது. பின்பக்கத்தை முதலில் உள்ளே கொடுத்துவிட்டால், திரும்புகிற சக்கரம் அகலமான இடத்தில் இருக்கும், மூக்கை வேண்டியபடி வளைத்துக்கொள்ளலாம். என் அப்பா ஒரு மில்லில் அம்பாசடர் ஓட்டினவர். பவர் ஸ்டீயரிங் கிடையாது, கியர் ஸ்டீயரிங்கை ஒட்டி இருக்கும். ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து சீட்டில் ஒரு கையைப் போட்டுத் திரும்பிப் பார்த்து, ஷெட்டுக்குள் பின்பக்கமாகத்தான் விடுவார். அவரை யாரும் வீடியோ எடுக்கவில்லை. டிரைவர் என்றார்கள். நான் செய்தால் "லேடீஸ் வண்டி".

சரி, அதையும் விடுகிறேன். 40 வயசுக்கு மேல் கற்றுக்கொண்டவள், இதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் அந்த வீடியோவுக்குக் கீழே சிரிப்பு ஸ்மைலி போட்ட 19 பேரில் ஒரு பெயரைப் பார்த்துவிட்டு எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. போன மழைக்காலத்தில் ராத்திரி 2 மணிக்கு அவர்கள் அம்மாவுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுத் தவித்துக்கொண்டு நின்றவர்களை நான்தான் வண்டியில் ஏற்றினேன். மழையில், அந்த இருட்டில், சாவி போட்டேன், நேராக வெளியே வந்தேன், கேட்டைத் தாண்டினேன். ஒரு தடவைகூட ரிவர்ஸ் போடவில்லை. பின் சீட்டில் அந்தம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு "அக்கா சீக்கிரம், அக்கா சீக்கிரம்" என்று அழுதுகொண்டே வந்த அதே பெண்தான்.

"சும்மா ஜாலிக்குத்தானே அக்கா" என்று இங்கே கமெண்ட்டில் வந்து எழுத வேண்டாம். அந்த ஸ்மைலியை அவள் இன்னும் எடுக்கவில்லை, இதை எழுதுவதற்கு முன்னால்தான் பார்த்துவிட்டு வந்தேன்.