ஏஏசி கல் வீட்டுக்கு ஏசி தேவையில்லையா?

‘ஏஏசி கல்லில் கட்டினால் ஏசி வேண்டாம், கல்லுக்குள் இருக்கும் காற்று வீட்டைக் குளிர்விக்கும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பாதி சரி, பாதி கப்சா. ஏஏசி என்பது செங்கல்லுக்குப் பதிலாகச் சுவர் கட்டப் பயன்படும், குமிழ்கள் நிறைந்த லேசான கான்கிரீட் கல் (Autoclaved Aerated Concrete).

சிமென்ட், சுண்ணாம்பு, சாம்பல் கலவையில் அலுமினியத் தூளைச் சேர்த்தால் ஹைட்ரஜன் கிளம்பி, கலவை இட்லி மாவு போலப் பொங்கும். அந்தக் குமிழ்களில் பிறகு காற்று குடியேறும். அசையாத காற்று வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். எனவே செங்கல்லைவிட ஏஏசி கல் வெயிலை நன்றாகத் தடுக்கும், அது உண்மை. ஆனால் தடுப்பது வேறு, குளிர்விப்பது வேறு. ஆளும் அடுப்பும் ஃபிரிட்ஜும் கக்கும் சூட்டையும் அதே சுவர் உள்ளேயே பிடித்து வைக்கும். இரவில் ஜன்னலைத் திறக்காவிட்டால் புழுக்கம்தான். மொட்டை மாடியை வெறும் கான்கிரீட்டாக விட்டுவிட்டுச் சுவரை மட்டும் மாற்றி என்ன பயன்? கல் ஈரம் குடித்தாலும் தடுப்பு குறையும். வெளிப்பூச்சில் கஞ்சத்தனம் வேண்டாம்.

துளைகளின் உதவியால் நிஜமாகவே குளிரும் பொருளும் உண்டு. 2018-இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட நுண்துளை பாலிமர் பூச்சு, வெயிலைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பும். தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு விடும். வறண்ட அரிசோனாவில் அது சுற்றுக்காற்றைவிடச் சுமார் 6 டிகிரி குளிர்ந்தது. ஈரப்பதம் மிகுந்த வங்கதேசத்தில் சுமார் 3 டிகிரிதான்.